ஏலக்கடைச் சேணம்

"சிறிய சேணம் ஒன்று ஏலக்கடையில் அகப்பட்டது. பெரிய ஆட்களுக்கு உதவாது என்றபடியால் வேறு ஒருவரும் கேட்கவில்லை. தோல் திறம். உள்ளே அடைத்தது போய்விட்டது. அங்கவடி இரண்டும் உடைசல். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். நாளைக்குக் கோச்சியில் போடுகிறேன். பரந்தன் ஸ்ரேசனில் எடுக்கவும். பிள்ளைக்கு என் அன்பு."

என் மனைவியின் தமையனார் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு எழுதிய தபாலட்டை இது. இட்ட திகதி 14.8.1959. அவர் வசித்தது நெடுந்தீவில். பட்டணத்துக்கு அலுவலாக வந்த இடத்தில் எழுதியிருக்கிறார். அட்டையின் ஓரத்தில் கறை படிந்த பெருவிரல் அடையாளம் ஒன்று இன்னும் தெரிகிறது. சேணத்தைத் தடவிப் பார்த்த கையோடு எழுதியிருக்க வேண்டும்.

வந்த கடிதங்களைத் திகதிவாரியாகக் கட்டி வைப்பது என் பழக்கம். அந்த வருடத்துக் கட்டில் விதைநெல், உரம், வாய்க்கால் திறப்பு என்று வழக்கமான சங்கதிகளுக்கு நடுவே இந்த ஒன்று மட்டும் குதிரைச் சாமான் பற்றியது. குடியேற்றத் திட்டத்துக் கமக்காரன் ஒருவன் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு ஏன் சேணம் தேடினான் என்று எங்கள் பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் குடாநாட்டிலிருந்து வந்து கண்டாவளைப் பக்கம் காணி பெற்றவர்கள். வயல் செய்ததோடு, எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கக் கடையின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஊரில் எல்லோரும் என்னை மனேச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஒரே மகள். அவளுடைய பள்ளிக்கூடம் பரந்தன் பக்கம், வாய்க்கால் கட்டு வழியே மூன்று மைல் தூரத்தில் இருந்தது. கோடையில் பிள்ளைகள் கூட்டமாக நடந்து போய் வந்துவிடுவார்கள். மாரி தொடங்கினால் அந்தக் கட்டு முழுவதும் களியாகிவிடும். சைக்கிளில் போனால் களி மட்கார்டுக்குள் ஏறி இறுகிச் சில்லுச் சுற்றாது. அடிக்கடி இறங்கி ஈர்க்கில் கொண்டு கிளறி எடுக்க வேண்டும். மாட்டு வண்டியை விதைப்புக் காலத்தில் யார் பிள்ளைகளுக்காக அவிழ்ப்பார்கள்? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஐப்பசிக்குப் பின் பள்ளிக்கூடத்தை மறந்துவிடுவது ஏறக்குறைய வழக்கமாகியிருந்தது.

1958 மாரியில் எங்கள் மகளும் அப்படித்தான் நின்றாள். வருட முடிவில் அவளை வகுப்பேற்றவில்லை. அடுத்த மாரிக்கும் இப்படி நின்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டில் விட்டுப் படிப்பிப்பது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். முடிவு எடுத்தோமே தவிர, அந்தக் கதை வரும் ஒவ்வொரு முறையும் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். மகள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னம்மா நல்லவர், வீடும் நல்லது. ஆனால் பிள்ளை போனால் தவணைக்கு ஒரு முறைதான் வருவாள். ஒரே பிள்ளையை ஒன்பது வயதில் வழியனுப்பிவிட்டு வெறும் வீட்டில் நாங்கள் இருவரும் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வைகாசியில் மச்சான் வந்திருந்தபோது இதெல்லாம் அவர் காதில் விழுந்தது. சாப்பிட்டு எழும்பிக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"நான் ஒரு குதிரை கொண்டு வாறன்."

நெடுந்தீவில் ஆளில்லாமல் கட்டாக்காலியாகக் குதிரைகள் திரிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் அவர் பகிடி விடுகிறார் என்றே நினைத்தேன்.

"உண்மையாத்தான் சொல்லுறன். பிடிச்சுப் பழக்கினது ஒண்டு நிக்குது. சின்னன். கிழடும் இல்லை, துள்ளிற வயசும் இல்லை. உங்கட சைக்கிளை விடப் புத்தி கூட."

"சைக்கிளுக்குப் புல்லுப் போடத் தேவையில்லை, மச்சான்."

"மாரியில சைக்கிள் உங்களைக் கொண்டு போகுதோ, நீங்கள் அதைக் கொண்டு போறியளோ?"

மனைவி குசினிக்குள் இருந்தபடியே கேட்டார்: "அண்ணை, பொம்பிளைப் பிள்ளையைக் குதிரையில ஏத்தினா ஊர் என்ன சொல்லும்?"

"யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினா ஊர் ஒண்டும் சொல்லாது. அதுக்காக அனுப்பப் போறியோ?"

மகள் கோப்பையைத் தள்ளிவிட்டு மாமனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

குதிரை ஆனி மாதம் வந்து சேர்ந்தது. தீவிலிருந்து வள்ளத்திலும் பிறகு லொறியிலும் மச்சானோடு வந்தது. உயரம் என் நெஞ்சுக்குத்தான் இருக்கும். செங்கல் நிறம், வயிறு கொஞ்சம் பெரிது. இறங்கியதும் எங்கள் முருங்கையை மணந்துவிட்டு வைக்கோலில் வாய் வைத்தது. தீவில் சாக்கு ஒன்றைப் போட்டு ஏறிவிடுவார்கள் என்று மச்சான் சொன்னதற்கு மனைவி உடன்படவில்லை. பிள்ளை ஏறுவதென்றால் ஒழுங்கான சாமானோடு ஏற வேண்டும். அதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

நான் எதையும் தொடங்குவதற்கு முன் படிக்கிறவன். அட்டை கழன்ற பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று, கால்நடை வளர்ப்புப் பற்றியது, கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருந்தது. அதில் குதிரையேறப் பழகும் பிள்ளைகளுக்கு என்று ஒரு சிறு அத்தியாயம் இருந்தது. பிள்ளையின் தலைக்குக் கனமான தொப்பி வேண்டும். சேணத்தை இறுக்கும் வயிற்றுவார் நைந்ததாக இருக்கக் கூடாது. காலில் போடும் சப்பாத்துக்குப் பின்பக்கம் உயர்ந்த குதி இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு அந்தப் புத்தகம் காரணமும் கொடுத்திருந்தது. சேணத்தின் இரு பக்கமும் தொங்கும் இரும்பு வளையத்தில் பாதத்தின் முன்பக்கத்தை வைத்து அழுத்தித்தான் குதிரையில் இருப்பது. அந்த வளையம்தான் அங்கவடி. குதி இல்லாவிட்டால் பாதம் வளையத்துக்குள் கணுக்கால் வரை நுழைந்துவிடும். அந்த நேரம் பிள்ளை விழுந்தால் கால் கழலாது. குதிரை பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும்.

அந்தப் பந்தியை நான் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ஆனால் சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்குவது என்று அன்றே தீர்மானித்தேன்.

கொழும்பில் தோற்சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு விலை கேட்டு எழுதினேன். வந்த பட்டியலை, அடுத்த முறை வீட்டுக்கு வந்த மச்சானுக்கு மட்டும் காட்டினேன். அவர் இரண்டு தரம் பார்த்தார்.

"இந்தக் காசுக்கு ஒரு பிள்ளையைக் கட்டியே குடுத்திடலாம்," என்றார்.

அதன் பிறகுதான் ஏலக்கடைகளில் தேடத் தொடங்கினோம். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கும் வந்துகொண்டிருந்தன. கதிரை, அலுமாரி, கோப்பை எல்லாம் உடனே போய்விடும். சின்னப் பிள்ளைக்கென்று செய்த சேணத்தை யார் கேட்பது? மச்சான் கேட்டார். அப்படித்தான் அந்தத் தபாலட்டை வந்தது.

சாக்கில் சுற்றிய பொதியைப் பரந்தன் ஸ்ரேசனில் எடுத்து வந்து முற்றத்தில் அவிழ்த்தோம். சேணம் காய்ந்து வறண்டிருந்தது. மனைவி தேங்காய் எண்ணெய் பூசி மூன்று வெயிலில் காயவைத்தார். உள்ளே இலவம் பஞ்சு அடைத்து, சாக்கூசியால் தானே தைத்தார். வயிற்றுவார் இருக்கவில்லை. கிளிநொச்சியில் செருப்புத் தைப்பவர் ஒருவர் எருமைத் தோலில் இரட்டை மடிப்பாகச் செய்து தந்தார். கடிவாளம் பழையது, வாய்க்குள் கொடுக்கும் இரும்பு மட்டும் நல்லது. அதற்குப் பின்னல் நூல்கயிறு பூட்டினோம். தலைக்கு, துரைமார் வெயிலுக்குப் போடுகிற தக்கைத் தொப்பி ஒன்றும் அதே பொதியில் வந்திருந்தது. அது மகளின் மூக்கு வரை இறங்கியது. மனைவி உள்ளே துவாயை மடித்து வைத்துத் தைத்து, நாடிக்குக் கீழே கட்ட நாடா போட்டார். சேணத்துக்கு அடியில் விரிக்கச் சங்கக் கடையின் வெறும் சீனிச் சாக்கு. எவ்வளவு தோய்த்தும் அதில் இருந்த எழுத்துப் போகவில்லை.

சப்பாத்து மட்டும் புதிது. கயிறு கட்டுகிற, குதி வைத்த கறுப்புச் சப்பாத்து. அடுத்த வருடத்துக்கும் காணட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுத்து, நுனியில் பஞ்சு வைத்தேன்.

மிஞ்சியது அங்கவடி. மச்சான் எழுதியது சரிதான். இரண்டு வளையங்களிலும் ஒரு பக்கக் கம்பி இருக்கவில்லை. அடியில் கால் வைக்கும் தட்டு இருந்தது. ஒரு பக்கத்துக் கம்பி மேலே வளைந்து போயிருந்தது. மற்றப் பக்கம் வெறுமை. மேல் முனையில் கொக்கி போல ஒரு வளைவு, கீழே தட்டின் ஓரத்தில் மொட்டுப் போல ஒரு குமிழ். ஒடிந்த கம்பியின் மிச்சங்கள் என்றே அவற்றை எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மாதிரி உடைந்திருப்பது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

கொல்லனிடம் கொடுத்து அந்தப் பக்கத்துக்குக் கம்பி ஒட்டுவிப்பது என்பதுதான் திட்டம். அதுவரை பழகுவதற்காகப் பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு வளையம் வெட்டி, கொக்கியிலிருந்து குமிழுக்கு இழுத்து மாட்டினேன். அளவெடுத்தது போல இருந்தது. குமிழ் குதிரையின் வயிற்றில் உராயக் கூடாது என்று, ரப்பர் பக்கத்தை வெளிப்புறமாகத் தொங்கவிட்டேன்.

மனைவிக்கு அதைக் கண்ணெடுத்தும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, ரப்பர்த் துண்டிலயோ என்ர பிள்ளையின்ர காலை வைக்கச் சொல்லுறியள்?"

"கால் வைக்கிறது இரும்பில. ரப்பர் பக்கத்துக்குத்தான்."

"பக்கமோ நடுவோ எனக்குத் தெரியாது. இரும்பு போட்டாப் பிறகுதான் பள்ளிக்கூடம். முற்றத்தில மட்டும் ஓடட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆவணியில் மிஞ்சிய நாட்களெல்லாம் மகள் முற்றத்தையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக் காணியையும் சுற்றினாள். வேலிக்கு வெளியே பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. சீனிச் சாக்கின் எழுத்தை ஒருவர் உரத்து வாசித்தார்.

"மனேச்சர், கூப்பனுக்குச் சீனி இல்லை எண்டியள். இஞ்ச குதிரையில போகுது!"

"ராசாத்தி, எங்களுக்கும் ரெண்டு இறாத்தல் இறக்கிவிட்டுட்டுப் போங்கோ!"

மகள் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு, "வரிசையில வாங்கோ," என்றாள். கடையில் நான் சொல்வதைக் கேட்டுப் பழகியவள். வேலிக்கு அப்பால் எழுந்த சிரிப்போடு மனைவியின் சிரிப்பும் கேட்டது. குதிரை வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

புரட்டாதியில் அங்கவடி இரண்டையும் கழற்றிக் கொல்லனிடம் கொடுத்தேன். அவரது பட்டடையில் அப்போது ஊர்க் கலப்பைகளின் கொழுவெல்லாம் காய்ச்சித் தீட்டுவதற்குக் குவிந்து கிடந்தது. ஒரு கிழமை கழித்துப் போனேன். பிறகும் போனேன். அங்கவடிகள் நான் வைத்த இடத்திலேயே, வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தன.

"மனேச்சர் ஐயா, கோவிக்காதேங்கோ. கொழு இல்லாமச் சனம் உழேலாது. குதிரை இல்லாம உழலாம். விதைப்பு முடியட்டும்."

மூன்றாம் முறை போகும் வழியில் மழை பிடித்துவிட்டது. அடுத்த நாளே கட்டு களியாகிப் பிள்ளைகள் நின்றார்கள். மகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தாள். மனைவி அவளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. உவர் செய்து தாறதுக்கிடையில வருசம் முடிஞ்சிடும்," என்றார். அங்கவடிகளைத் திருப்பி எடுத்து வந்து மறுபடியும் ரியூப்பையே மாட்டினேன்.

முதல் சில நாட்கள் நான் குதிரைக்குப் பின்னால் களியில் நடந்தே போனேன். குதிரை வழுக்கவே இல்லை. ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து வைத்தது. பள்ளிக்கூட வளவில் அதைக் கட்டி வைக்க வாத்தியார் ஒரு வேப்பமரத்தைக் காட்டினார். பிறகு அவளைத் தனியே விட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்: வழியில் இறங்கக் கூடாது. இறங்கினால் அவளால் தனியே ஏற முடியாது. பாதி வழியில், கட்டின் ஓரத்து மருதமரத்தடியில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவரைக் கடக்கும்போது சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றித் தலையில் குட்டிக் கும்பிட்டுவிட்டு உருட்டிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் போவேன். "நீ இறங்க வேண்டாம், மனதுக்குள் கும்பிட்டுவிட்டுப் போ, பிள்ளையார் ஒன்றும் நினைக்கமாட்டார்," என்று மகளுக்குச் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள்.

30.10.1959, வெள்ளிக்கிழமை. கடையில் மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். மருதமரத்துக்கு எதிர்த்த காணிக்காரி, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஒருவர், கையில் ஒரு தகரத்தோடு வாசலில் வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"தம்பி, பிள்ளைக்கு ஒண்டுமில்லை. முதல் அதைக் கேள். ஒண்டுமில்லை."

எனக்கு அதைக் கேட்டதும்தான் பயம் பிடித்தது. அவருக்குப் பின்னால் மகள் வந்தாள், கடிவாளக் கயிற்றைப் பிடித்தபடி. முதுகு முழுவதும் களி. தொப்பி தலையில் இறுகக் கட்டியபடியே இருந்தது. காலில் சப்பாத்து இல்லை. இரண்டு சப்பாத்தும் கயிற்றால் முடிந்து கழுத்தில் மாலை போலத் தொங்கின. குதிரை ஒன்றும் நடக்காதது போல் கடை வாசலில் சிந்திக் கிடந்த அரிசியை மணந்தது.

"விதைச்ச வயலில புறா இறங்குதெண்டு தகரம் தட்டினனான், தம்பி. பிள்ளை வாறதைக் காணேல்லை. குதிரை ஒரு பக்கம் பாய, பிள்ளை மற்றப் பக்கம்... ஐயோ, நான் செத்துப்போனன்."

மகளைத் தூக்கி அரிசி மூட்டையில் இருத்திக் கை, கால், தலை எல்லாம் பார்த்தேன். வலது கணுக்காலில் ஒரு சிவந்த கோடு. வேறொன்றும் இல்லை.

"சப்பாத்து ஏன் கழுத்தில?" என்று கேட்டேன்.

"பிள்ளையாரடி வந்தது, ஐயா."

"இறங்க வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ?"

"நான் இறங்கேல்லை. சப்பாத்தைத்தான் கழட்டினனான். சப்பாத்தோட பிள்ளையாரைக் கடக்கலாமோ?"

தனியே போன முதல் நாளிலிருந்தே அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள். மரத்துக்குச் சற்று முன்னால் குதிரையை மெல்ல நடக்க விட்டு, சேணத்தில் இருந்தபடியே ஒவ்வொரு காலாகத் தூக்கிச் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலை அங்கவடியில் வைத்துக் கும்பிட்டபடி கடப்பாளாம். நான் பின்னால் நடந்து போன நாட்களில் மட்டும், நான் கும்பிடுகிறேன்தானே என்று விட்டிருக்கிறாள். இறங்காதே என்றேன், இறங்கவில்லை. சப்பாத்துப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அது சொல்லிக் கொடுக்காமலே வருவது. குதி வைத்த சப்பாத்தைப் போட்டுவிட்டால் பாதம் வளையத்துக்குள் நுழையாது என்று நிம்மதியாக இருந்தேன். அன்று தகரச் சத்தத்துக்குக் குதிரை பாய்ந்தபோது அவளது வலது பாதம் கணுக்கால் வரை உள்ளே போயிருக்கிறது. புத்தகத்தில் படித்த அந்தப் பந்தி அப்படியே நடந்திருக்கிறது. ஒன்றைத் தவிர: கால் கழன்றுவிட்டது.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மனைவி மகளைக் கிணற்றடியில் குளிப்பாட்டி, உடம்பில் ஒவ்வோர் இடமாக அமத்திப் பார்த்து, "நோகுதோ? இஞ்ச நோகுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் கடைசியில், "அம்மா, நீங்கள் அமத்திறதுதான் நோகுது," என்றாள். மனைவி அழுதுகொண்டே சிரித்தார். சப்பாத்துக் கதையைக் கேட்டதும் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். ஏசுவதற்கு இடமில்லை. அவர் பழக்கிய பழக்கம்தானே.

நான் எதிர்பார்த்தது ஒன்றுதான். குதிரை தீவுக்குப் போகும், பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போகும். இனி நானும் மறித்துப் பேச மாட்டேன் என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டும் விட்டேன்.

மனைவி எழும்பிக் குதிரையடிக்குப் போனார். சேணம் இன்னும் இறக்கப்படவில்லை. வலது பக்க அங்கவடியில் ரியூப் வளையம் கீழே குமிழை விட்டுக் கழன்று, மேல் கொக்கியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குமிழில் மாட்டினார். கையைக் குவித்து, பாதம் நுழைவது போல வளையத்துக்குள் விட்டுப் பக்கவாட்டில் இழுத்தார். ரியூப் இழுபட்டு, டப்பென்று கழன்றது. கை வெளியே வந்தது. மறுபடியும் மாட்டி இழுத்தார். மறுபடியும் கழன்றது.

"இஞ்சேருங்கோ, இதில கம்பி போட்டிருந்தா?"

வளையத்தை மறுபடியும் குமிழில் மாட்டிவிட்டு அவரே தொடர்ந்தார்:

"அந்தக் கொல்லருக்கு ரெண்டு கொத்து அரிசி குடுத்துவிடுங்கோ."

"ஏன்?"

"செய்யாம விட்டதுக்கு."

குதிரைக்குப் பக்கத்திலேயே நிலத்தில் குந்திவிட்டேன். அந்தப் பொழுதில் எனக்கு வந்த ஆறுதலை இன்னும் உடம்பில் உணர முடிகிறது. ஈரச் சேலையைக் கழற்றிப் போட்டதுபோல, உடம்பெல்லாம் இலேசாயிற்று என்று மனைவி பின்னர் சொன்னார். என்னால் அதைவிட நன்றாகச் சொல்ல முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் யாழ்ப்பாணக் கதையை அவரே எடுத்தார். எடுத்துவிட்டு எழும்பிப் போகவில்லை.

"திங்கட்கிழமை பிள்ளை குதிரையில போகட்டும். விழுந்தாலும் கால் விட்டுது. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆனா சப்பாத்துக் கழட்டேலாது."

"அப்ப பிள்ளையார்?" என்றாள் மகள்.

அதற்கு அவளே வழியும் சொன்னாள். மருதமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மதகு, அந்தப் பக்கம் ஒரு மதகு. முதல் மதகில் இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, குதிரையை நடத்திக்கொண்டு பிள்ளையாரைக் கடப்பது. அடுத்த மதகுக் கட்டில் ஏறி நின்றால் அங்கிருந்து சேணத்துக்கு எட்டும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவது. இறங்கவே கூடாது என்று நான் சொல்லியிராவிட்டால் முதல் நாளே அப்படிச் செய்திருப்பாளாம். அக்கா தன் பங்குக்கு, பள்ளிக்கூடம் விடும் நேரம் தகரத்தை வைத்துவிட்டுக் கையைத் தட்டிப் புறா விரட்டினார். "என்ர புறாவுக்கும் உன்ர குதிரை வாற நேரம் தெரியும், மோனை. அப்பதான் இறங்குதுகள்," என்று மகளிடம் முறைப்பாடு வேறு.

அந்த மாரி முழுவதும் அவள் போனாள். சாக்கை மடித்துத் தோளில் போட்டபடி கொட்டும் மழையிலும் போனாள். வருட முடிவில் வகுப்பேற்றினார்கள். சின்னம்மாவுக்கு மனைவி எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன். பிள்ளை வரமாட்டாள், நீங்கள் வாருங்கள் என்று இரண்டு வரி.

1960 தையில், கொழும்பிலிருந்து வந்த சாமான் சுற்றியிருந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைத் தாள் ஒன்றில் ஒரு விளம்பரப் படம் பார்த்தேன். பிள்ளைகளுக்கான அங்கவடி. ஒரு பக்கம் இரும்புக் கம்பி, மற்றப் பக்கம் மேலே கொக்கி, கீழே குமிழ், இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையம். விழுந்தால் கால் தானாகக் கழல்வதற்காக அப்படிச் செய்வதாம். எங்களுடையது உடையவே இல்லை. ரப்பர் மட்டும் உக்கி விழுந்திருந்தது. அதை உடைசல் என்று சொல்லி மச்சான் விலை குறைத்தார், விற்றவரும் நம்பிக் குறைத்தார். படத்தை வெட்டி மச்சானுக்கு அனுப்பினேன். "கடைக்காரரிடம் போய்ச் சொல்லட்டுமா?" என்று எழுதியிருந்தார். வேண்டாம் என்று பதில் போட்டேன். கொல்லருக்கு அரிசி கொடுத்தாகிவிட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வரலாற்றில் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமில்லை. கால் கழன்ற பிறகு குதிரை என்ன செய்தது என்பது. தான் தகரத்தைக் கீழே போடுவதற்கு முன்பே அது நின்றுவிட்டது, பிள்ளைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது என்றார் அக்கா. இல்லை, அடுத்த மதகு வரை ஓடிவிட்டுத் தானாகத் திரும்பி வந்தது என்கிறாள் மகள். முதல் சொன்னது சரியானால், கால் மாட்டியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திராது. இரண்டாவது சரியானால், அன்று அவளை எங்களுக்குத் தந்தது ஒரு துண்டு ரியூப். மறுநாள் விடிய நான் குளம்பு அடையாளம் பார்க்கப் போனேன். இரவு பெய்த மழை வாய்க்கால் கட்டை வழித்துத் துடைத்திருந்தது. அக்கா இப்போது இல்லை. மகள் தான் சொன்னதை இன்றும் மாற்றவில்லை, ஆனால் மல்லாந்து விழுந்து கிடந்தவள் எதைச் சரியாகப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. குதிரை நின்றதா, ஓடியதா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.